அத்தை வைத்த ஜேட் செடி இலை உதிர்க்கிறது, என்ன செய்வது?

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அத்தை, கணவரின் தாயார், 27 வருடங்களுக்கு முன் ஒரு சாண் போத்தாக, அதாவது வெட்டிய கிளைத்துண்டாக, வாங்கி வந்து நட்ட ஜேட் செடி. இப்போது இடுப்பு உயரம், அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன். அத்தை போன ஆவணியில் தவறிவிட்டார். ஐப்பசி மழை தொடங்கியதும், திண்ணையில் இருந்த தொட்டியை ஹாலுக்குள் எடுத்து வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பத்து நாளில் நல்ல பச்சை இலைகளே பொத்துப் பொத்தென்று விழ ஆரம்பித்தன. மார்கழி முழுக்க இலைகள் மஞ்சளாகிச் சுருங்கி, தொட்டாலே உதிர்ந்தன. இப்போது தை பிறந்துவிட்டது, பாதிக் கிளைகள் மொட்டை. தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார்கள், மண்புழு உரமும் போட்டுப் பார்த்தார்கள். "செடிக்கு வயதாகிவிட்டது, அத்தையோடே போகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். காப்பாற்ற வழி இருக்கிறதா? கோவையில் இருக்கும் நாத்தனார் ஒரு கிளையாவது ஒடித்துக் கொடு என்று கேட்கிறார், கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

வழி இருக்கிறது. இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இரண்டு காரியத்தை இப்போதே செய்துவிடுங்கள். தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். தொட்டிக்குக் கீழே தட்டு இருந்தால் அதில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

முதலில் அந்த வயதுப் பேச்சு. 27 வருடம் இந்தச் செடிக்கு ஒரு வயதே இல்லை. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பக்கத்தில் கல்லும் பாறையுமான காய்ந்த சரிவுகளில் தானாக வளர்கிற செடி இது. வீட்டுத் தொட்டியிலேயே ஐம்பது, அறுபது வருடம் தாண்டி, பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைமாறிய ஜேட் செடிகள் உண்டு. உங்கள் தொட்டியில் மூப்படைந்திருப்பது மண். நடும்போது போட்ட எருவும் இலைமட்கும் வருடக்கணக்கில் மக்கி மாவாகிவிடும். செம்மண் இறுகிவிடும். வேர் பெருத்து மிச்ச இடத்தையும் அடைத்துக்கொள்ளும். மண்ணுக்குள் காற்று போக வழி இருக்காது. புதிய மண்ணில் நாலைந்து நாளில் காய்ந்த அதே ஒரு சொம்புத் தண்ணீர், இந்த மண்ணில் மூன்று வாரம் ஈரமாகவே கிடக்கும்.

அத்தைக்கு இது தெரிந்திருக்கும். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் கைக்குத் தெரிந்திருக்கும். வருடம் ஏற ஏற அவர் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்திருப்பார். இப்படிப் பழைய செடி வைத்திருக்கும் பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், கேட்டால் "நான் ஒண்ணும் செய்யறதில்ல" என்பார்கள். அவர் போன பிறகு என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அத்தை நினைவாக ஆளுக்கொரு கை தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இனிமேல் அந்தத் தொட்டிக்கு ஒரே ஒருவர்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம்.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடலாம். நம் நர்சரிகளில் ஜேட் என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்கிறார்கள். ஒன்று கிராசுலா, இலை கட்டைவிரல் அளவு, தண்டு சாம்பல் கலந்த பழுப்பு, யானைக்கால் போல வளையம் வளையமாக இருக்கும். இன்னொன்று போர்ட்டுலகாரியா, இலை சின்ன நகம் அளவு, இளந்தண்டு செம்பழுப்பாக நாணல் மாதிரி வளையும். நீங்கள் சொல்கிற தண்டுப் பருமனையும் இலை அளவையும் வைத்துப் பார்த்தால் உங்களுடையது கிராசுலாதான். இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றே.

இனி இலை எப்படி விழுந்தது என்பதைப் பார்ப்போம். ஜேட் செடியில் இலை விழுகிற விதமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

ஐப்பசியில் விழுந்தவை கொழுகொழுவென்று பச்சையாக இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெளிச்சம் போன அதிர்ச்சி. திண்ணையில் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த செடி, ஒரே நாளில் டிவி மூலைக்குப் போய்விட்டது. நம் கண்ணுக்கு ஹால் வெளிச்சமாகத்தான் தெரியும், ஆனால் ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளினாலே செடிக்கு அது இருட்டறை. வைத்துக் காப்பாற்ற முடியாத இலையை அது கழற்றிவிடும். அதோடு நின்றிருந்தால் பெரிய கவலை இல்லை.

மார்கழியில் விழுந்தவைதான் கவலைக்குரியவை. மஞ்சளாகி, உள்ளே தண்ணீர் கோத்தது போலக் கண்ணாடித்தன்மையோடு, தொட்டதும் கழன்று வந்தால் வேர் மூழ்கிக் கிடக்கிறது என்று பொருள். இருட்டில் இருக்கும் செடிக்குத் தண்ணீர் தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும், நீங்களோ தண்ணீரைக் கூட்டியிருக்கிறீர்கள்.

சுருங்கிய இலையிடம் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. தோல் சுருங்கி மெலிந்த இலையைப் பார்த்தால் யாருக்கும் தாகம் என்றுதான் தோன்றும். தாகமாகவும் இருக்கலாம். ஆனால் வேர் அழுகிப்போன செடியும் இதே போலத்தான் சுருங்கும். குடிக்கிற வாய் போய்விட்டது, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் உறிஞ்ச முடியவில்லை. இலையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. மண்ணைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை இறக்கி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். குச்சி கறுத்து ஈரமாக வந்து, இலையும் சுருங்கியிருந்தால், அது தாகம் இல்லை. அந்த நேரத்தில் ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் அழுகலுக்குத்தான் போகும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குன்னூரில் நான் பதினைந்து வருடம் வளர்த்த செடியை இப்படித்தான் இழந்தேன். 2009 நவம்பர் மழை உங்களுக்கும் நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் மண் சரிந்து சாலைகள் அறுந்து கிடந்தன. செடி கூரைக்கு அடியில்தான் இருந்தது, ஒரு சொட்டு மழை அதன் மேல் விழவில்லை. ஆனால் நாள்கணக்கில் வெயில் இல்லை, காற்றே ஈரம். இலை சுருங்கியதைப் பார்த்துவிட்டு, மழை படவில்லையே, தாகமாக இருக்கும் என்று நானே இரண்டு முறை நிறைய ஊற்றினேன். அடுத்த வாரம் தண்டைத் தொட்டால் விரல் உள்ளே போயிற்று. பழுத்துப் போன வாழைப்பழம் மாதிரி. மேல்கிளையில் இரண்டு துண்டு மட்டும் நன்றாக இருந்தது, அவற்றை வெட்டி எடுத்தேன். இன்று என் வீட்டு வாசலில் இருக்கிற செடி அந்த இரண்டில் ஒன்று.

சமவெளியில் எழுதப்பட்ட தோட்டக் குறிப்புகளை அப்படியே நம் மலையில் பின்பற்றினால் ஏன் தவறிப்போகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். சென்னை வெயிலில் அது சரியாக இருக்கலாம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஊட்டிக்கு மேற்கே, கூடலூர் பக்கம், ஜூனிலேயே தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். கொடைக்கானலும் ஐப்பசி, கார்த்திகையில் நனைகிற ஊர். மழை நின்ற நாளிலும் மஞ்சு இறங்கி நிற்கும். துணியே மூன்று நாள் காயாத ஊரில் தொட்டி மண் எப்படிக் காயும்? மழை, மஞ்சுக் காலத்தில் என் செடிக்கு நான் 30, 40 நாள் தண்ணீரே காட்டுவதில்லை. பங்குனி, சித்திரையில் வெயில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை. அதுவும் கிழமை பார்த்து இல்லை, குச்சியைப் பார்த்துத்தான்.

இந்தச் செடி இவ்வளவு நாள் தாங்குவது அது உயிர் வாழும் விதத்தால். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து மூச்சு வாங்கும், கூடவே ஈரமும் போகும். ஜேட் பகலில் துளையை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து, வாங்கிய கரியமில வாயுவை அமிலமாக மாற்றி இலையில் சேர்த்து வைக்கும். விடிந்து வெயில் வந்ததும் அந்த அமிலத்தை எடுத்து உணவாக்கும். இந்த விஷயத்தை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நம் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு சென்னை மாகாணத்தில் தாவரங்களை ஆராய்ந்த பெஞ்சமின் ஹைன். ஜேட் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளி இலையை, குழந்தைகள் நோட்டுக்குள் வைத்துக் குட்டி விட வைப்பார்களே அதை, அவர் காலையில் மென்று பார்த்திருக்கிறார், புளித்தது. மதியம் மென்றால் சப்பென்று இருந்தது. 1813 வாக்கில் லண்டனுக்குக் கடிதமாக எழுதினார். இரவில் அமிலம் சேர்ந்து பகலில் தீர்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. இந்த வகை வாழ்க்கைக்கே கிராசுலாவின் குடும்பப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஜேட் இலையை மென்று பார்க்க வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கீழே விழும் இலைகளை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள், அவற்றுக்கு அது நஞ்சு.

சரி, இப்போது தண்டுக்கு வருவோம். நல்ல வெளிச்சத்தில் தொட்டியை வைத்து, அடித்தண்டை மண்மட்டத்திலிருந்து மேல்நோக்கி இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். எங்காவது பஞ்சாக அமுங்குகிறதா, கறுத்துக் கசிகிறதா, புளித்த வாடை வருகிறதா என்று பாருங்கள். மொட்டையாகிப் போன கிளையில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது, இலை இல்லாவிட்டாலும் துளிர்க்கும். பழுப்பாகச் சருகு மாதிரி இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது, மற்றவை பிழைக்கும்.

தண்டு முழுக்கக் கெட்டியாக இருந்தால் அவசரப்பட்டுத் தொட்டியைக் கவிழ்க்காதீர்கள். தை மாதக் குளிரில் வேர் தூங்கிக்கொண்டிருக்கும். பத்து டிகிரிக்குக் கீழே இறங்குகிற இரவுகளில் அறுபட்ட வேர் ஆறாது. அப்படியே வெளிச்சத்துக்கு நகர்த்தி, காயவிட்டு, மாசிக் கடைசி வரை காத்திருங்கள். அதற்குள் மண் தானாகக் காய்ந்து பக்கவாட்டில் தொட்டியை விட்டு விலகும். அந்த ஐந்தாறு வாரத்தில் இன்னும் கொஞ்சம் இலை விழும். விழட்டும். அதைப் பார்த்து மனம் கேட்காமல் ஊற்றிவிடக் கூடாது.

தண்டு அடியில் அமுங்கினால் மாசி வரை பொறுக்க முடியாது, இந்த வாரமே செய்ய வேண்டும். தொட்டியைப் படுக்கவைத்துச் செடியை மெல்ல உருவுங்கள். இடுப்பு உயரச் செடி என்றால் இன்னொருவர் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கிளை சட்டென்று ஒடியும். பழைய மண்ணை உதிர்த்து, மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இழுத்தால் அறாமல் இருப்பது நல்ல வேர். கறுத்து, உறை கழன்று நூல் மட்டும் கையில் வந்தால் அழுகிய வேர். அழுகியதை எல்லாம் வெட்டிவிடுங்கள், இரக்கப்பட வேண்டாம். தண்டிலும் அழுகல் ஏறியிருந்தால், வெட்டுமுகம் முழுக்க ஒரு கறும்புள்ளிகூட இல்லாமல் பச்சைவெள்ளையாகத் தெரியும் வரை மேலே மேலே சீவிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவாயில் கரித்தூள் தடவலாம், மஞ்சள்தூளும் தடவுவார்கள். எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காய்வதுதான் மருந்து. பிறகு மண்ணே இல்லாமல், செய்தித்தாள் மேல், காற்றோட்டமான நிழலில் செடியைப் படுக்கவைத்துவிடுங்கள். சமவெளியில் நாலு நாள் போதும். நமக்கு இந்த மாதத்தில் ஏழு முதல் பத்து நாள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். இலையிலும் தண்டிலும் அது சேர்த்து வைத்திருக்கிற தண்ணீர் அதற்குப் போதும்.

மண் கலவை விஷயத்தில்தான் நம்மூரில் நிறையப் பேர் தவறுகிறார்கள். நர்சரியில் வாங்கும் பையில் பெரும்பாலும் தேங்காய்நார்த் தூள் இருக்கும். கோவையிலும் மதுரையிலும் ஈரத்தைப் பிடித்து வைத்து அது உதவும். நம் மஞ்சில் அது ஈரச்சாக்கு. முதியவர் காலுக்கு ஈரச்சாக்கு சுற்றிவிடுவோமா? நான் போடுவது மூன்று பங்கில் ஒரு பங்குதான் செம்மண்ணும் நன்றாக மக்கிய எருவும். மிச்ச இரண்டு பங்கு கரடுமுரடானவை: பயறு அளவுக்கு உடைத்த செங்கல், சலித்துத் தூசி நீக்கிய எம்-சாண்ட், கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு. எம்-சாண்டைச் சலிக்காமல் போட்டால் அந்தத் தூசி சிமென்ட் மாதிரி இறுகிக்கொள்ளும், அதனால் சல்லடை அவசியம். கலவையை ஈரமாக்கிக் கைப்பிடியில் அழுத்திவிட்டுத் திறந்தால் உருண்டை நிற்காமல் உதிர வேண்டும். சோலை ஓரத்து மண் கறுப்பாக வளமாக இருக்கிறதே என்று அதை எடுத்து வராதீர்கள். அது காட்டுக்கு உரியது, இந்தச் செடிக்கும் ஆகாது.

தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும். பக்கச்சுவர் வழியே ஈரம் வெளியேறும், கனமாக இருப்பதால் தலைபாரத்தில் சாயாது. பெரிய செடி என்று பெரிய தொட்டிக்குப் போக வேண்டாம். வேரை வெட்டிய பிறகு முன்பு இருந்த அளவோ, அதற்கும் சிறியதோ போதும். வேர் தொடாத மண்ணெல்லாம் காயாமல் கிடக்கும். அடியில் ஓட்டை அடைபடாமல் ஓர் ஓட்டுச்சில்லு. நட்டுவிட்டு ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் இல்லை. அசையாமல் இருக்க இரண்டு கழி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

இடம். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அதனால் இப்போது தெற்கு ஜன்னலில்தான் நீண்ட நேரம் வெயில் விழும். கிழக்கு ஜன்னலும் நல்லது. ஆனால் டிவி மூலையிலிருந்து நேரே உச்சி வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம் உயரத்தில் வெயில் குளிர்ந்திருந்தாலும் கடுமையானது, மூன்று மாதம் இருட்டில் இருந்த இலை ஒரே நாளில் வெந்து தழும்பாகும். முதல் வாரம் ஜன்னலுக்கு நாலடி உள்ளே, அடுத்த வாரம் ஜன்னல் ஓரம், அப்புறம் திண்ணையில் காலை வெயில். இப்படி நகர்த்துங்கள். இலை விளிம்பில் சிவப்பு ஏறினால் பயப்பட வேண்டாம், வெயிலும் குளிரும் பட்ட அடையாளம் அது. இரவில் இலை ஜன்னல் கண்ணாடியைத் தொடக் கூடாது. நீர்ப்பனியைத் தாங்கிவிடும், உறைபனி பட்டால் ஒரே இரவில் கறுத்துவிடும். கோத்தகிரி வீட்டுத் திண்ணையில் கூரை இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் இருப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். ரூம் ஹீட்டருக்கும் கணப்புக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

ஒரு பூதக்கண்ணாடியோ, செல்போன் கேமராவோ எடுத்து இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்குகளையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் மாவுப்பூச்சி. ஈரம், இருட்டு, அசையாத காற்று மூன்றும் சேர்ந்த இடத்தில் அது வந்தே தீரும். சர்ஜிகல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், வாரம் ஒருமுறை, நாலு வாரம். வேரிலும் மாவுப்பூச்சி உண்டு, செடியை உருவும்போது வேரில் வெள்ளை மாவு தெரிந்தால் கழுவிவிடுங்கள். தோட்டத்துக்கு வாங்கி வைத்த மருந்தை எடுத்து அடித்துவிடாதீர்கள், குறிப்பாக மாலத்தியான் இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலையைக் கெடுத்துவிடக் கூடியது. வேப்பெண்ணெய்க் கரைசல் என்றால்கூட ஓர் இலையில் தடவி மூன்று நாள் பார்த்த பிறகு.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பு சரியில்லாதவருக்கு விருந்து வைப்பதில்லை. போட்ட மண்புழு உரத்தை மேலோடு சுரண்டி எடுத்துவிடுங்கள். டீச்சக்கை, அரிசி கழுவிய தண்ணீர், நீர்மோர், முட்டை ஓடு எதுவும் இந்தத் தொட்டிக்கு வேண்டாம். தேயிலை நாட்டில் டீச்சக்கையைத் தொட்டியில் கொட்டுவது எல்லா வீட்டிலும் பழக்கம், ரோஜாவுக்குக் கொட்டுங்கள். இங்கே அது மேல்மண்ணில் ஆடையாகப் படிந்து ஈரத்தைப் பூட்டும், கொசு மாதிரிச் சின்ன ஈ பறக்கும். செடி துளிர்த்து இரண்டு மாதம் ஆன பிறகு, சித்திரையில் ஒரு பிடி மக்கிய எரு. வருடத்துக்கு அது போதும்.

மொட்டைக் கிளைகளை என்ன செய்வது என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குக் கவாத்து புதிதில்லை. தேயிலைச் செடி கவாத்து வெட்டிய மறுநாள் எப்படி நிற்கும், மூன்று மாதத்தில் எப்படி ஆகும் என்று பார்த்தவர்கள்தான் நாம். ஜேட்டும் அப்படியே. மாசிக் கடைசியில், வெயில் நிலைத்த பிறகு, உயிருள்ள மொட்டைக் கிளையில் பழைய இலை இருந்த வளையத் தழும்புக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பெரும்பாலும் ஒரு வெட்டுக்கு இரண்டு துளிர் வரும். ஒரே நாளில் எல்லாக் கிளையையும் வெட்ட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு இந்த மாசியில், மிச்சம் அடுத்த வருடம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கனத்தை முதலில் குறையுங்கள். இன்னும் ஒரு வருடத்துக்குச் செடி முன்பிருந்த அழகில் இருக்காது, அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வேர் நன்றாகப் பிடித்து, குளிர்ந்த இரவும் நல்ல பகல் வெளிச்சமும் கிடைத்தால், பின்னால் வரும் ஏதாவது ஒரு குளிர்காலத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நட்சத்திரப் பூ பூக்கும். அத்தை காலத்தில் பூத்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்கும்போதே, அத்தை இதை எந்த மாதத்தில் வெளியே எடுப்பார், எப்போது திருப்பி வைப்பார், எந்தச் சொம்பில் ஊற்றுவார் என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ கவனித்திருப்பார். நான் பொதுவாகச் சொல்கிறேன், அத்தை அந்தத் திண்ணைக்காகவே கண்டுபிடித்து வைத்திருந்த கணக்கு அது.

நாத்தனாருக்குத் தாராளமாகக் கொடுங்கள். உண்மையில் அவர் கேட்காவிட்டாலும் நான் இதைச் சொல்லியிருப்பேன். தாய்ச்செடி பிழைக்குமா என்று தெரியாத நிலையில், நல்ல கிளைகளிலிருந்து நாலைந்து போத்து எடுத்து வைப்பதுதான் பாதுகாப்பு. போத்தில் வளர்வது வேறு செடி இல்லை, அத்தை நட்ட அதே செடிதான், அதே உயிர். இன்னும் இலை நிற்கிற, கெட்டியான கிளை நுனியில் ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, பத்து நாள் நிழலில் போட்டு வையுங்கள். வெட்டுவாய் தோல் கட்டிக் காய்ந்த பிறகு, மேலே சொன்ன கலவையில் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். தண்ணீர் இல்லை. மூன்று, நாலு வாரம் கழித்து லேசாக இழுத்தால் பிடித்துக்கொண்டு வராமல் இருக்கும், அப்போது முதல் தண்ணீர். விழுந்த இலைகளிலும் மஞ்சளாகாத கொழுத்தவற்றை ஒரு தட்டில் மண்மேல் பரப்பி வையுங்கள். நம் குளிரில் ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், காம்பு முனையில் இளஞ்சிவப்பு வேரும் கடுகளவு குட்டி இலைகளும் வரும்.

கோவைக்குப் போகிற போத்தை வேர் பிடிக்காமலே அனுப்பலாம், காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டால் ஒரு வாரம் தாங்கும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்த்து அழுகும். நாத்தனாரிடம் மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்கள். மொட்டை மாடி வெயிலில் வைக்கக் கூடாது, மலைச்செடி கோவைப் பங்குனி வெயிலை முதல் வருடம் தாங்காது, காலை வெயில் விழும் பால்கனி போதும். நான் இங்கே சொன்ன தண்ணீர்க் கணக்கு அவருக்குப் பொருந்தாது, கோடையில் வாரம் ஒருமுறை தேவைப்படும், குச்சி வைத்துப் பார்த்து ஊற்றட்டும். அவருக்கு மண்ணில் கொஞ்சம் தேங்காய்நார்த் தூள் கலந்தால் நல்லதே.